வீட்டுத் திரையும் தாய்மொழியும்

தொலைக்காட்சிக்கென்றே எடுக்கப்பெறும் திரைப்படங்களைப் பற்றி, நாள்தோறும் அவற்றைக் காணும் ஒருவனிடம் ஒளிவுமறைவின்றிக் கருத்துரைக்கச் சொன்னால், அவன் முதற்கண் முகஞ்சுளிப்பான். அரங்கிற்கு வர வலுவில்லாத படம் வீட்டிற்கு வருகின்றது என்பதே அவன் எண்ணம். அவ்வெண்ணம் முற்றும் பிழையன்று. அகன்ற வெளி இல்லை, திரண்ட கூட்டம் இல்லை, பொருட்செலவும் இல்லை. நான்கு சுவர், மூன்று முகம், ஒரு நோய், ஒரு முறைமன்றம் என்னும் அளவிற்குள் கதை சுருங்கிக் கிடக்கும். முகங்களையே அண்மையில் காட்டிக் காட்டி, ஒன்றரை மணிநேரம் கழிந்தபின் நடிகரின் மூக்கு நினைவிலிருக்குமேயன்றிக் கதை நினைவிலிராது. விளம்பரம் வருமுன் யாரேனும் ஒருவர் கதவைத் திறந்து திடுக்கிடல் வேண்டும். விளம்பரம் முடிந்தபின், அவர் திடுக்கிட்டதற்குக் கரணியம் ஒன்றுமில்லை என்று தெரிதல் வேண்டும். இவ்வளவும் உண்மையே. ஆயினும், இக்குறைகளைக் காட்டி அவ்வகைப் படம் முழுவதையும் தள்ளிவிடுவது, பதரைக் கண்டு நெல்லை வெறுப்பதாகவே முடியும்.

இவ்வகைப் படம் பிறந்த இடம் அமெரிக்க நாடு. 1964ஆம் ஆண்டில் அங்குள்ள என்.பி.சி. நிறுவனம் முதன்முதல் இத்தகைய படமொன்றை ஒளிபரப்பியது. அரங்கில் ஓடி முடிந்த பழைய படங்களைப் பெரும்பொருள் கொடுத்து வாங்குவதினும், புதியதொன்றைக் குறைந்த செலவில் தாமே எடுப்பது ஊதியம் என்று கண்டமையே இதன் தோற்றுவாய். கலைக்காகப் பிறந்த பிள்ளையன்று. கணக்கிற்காகப் பிறந்த பிள்ளை. 1969 முதல் 1975 வரை ஏ.பி.சி. நிறுவனம் கிழமைதோறும் ஒரு படம் எனக் காட்டியது. தொண்ணூறு மணித்துளி நேரத்தில் விளம்பரம் போகப் படத்திற்குக் கிடைத்தவை 75 மணித்துளிக்கும் குறைவே. அக்கிழமைப் படங்களுள் ஒன்றுதான் 1971இல் வந்த ‘தூயல்’. நெடுஞ்சாலையில் சிற்றுந்து ஓட்டிச் செல்லும் எளியவன் ஒருவனை, ஓட்டுநரின் முகமே தெரியாத பெரிய சரக்குந்து ஒன்று துரத்துவது, அவ்வளவே கதை. அதனை இயக்கிய இளைஞர், பின்னர் உலகறிந்த இசுட்டீவன் இசுபீல்பெர்க்கு. இரண்டு கிழமைக்குள் படப்பிடிப்பு முடிந்தது. பின்னர்ப் பிற நாடுகளில் அதனை நீட்டி அரங்குகளிலும் காட்டினர். முகங்களையே காட்டிக்கொண்டிருந்த வீட்டுத் திரையில், முகத்தை மறைத்தே ஓர் அச்சத்தைக் காட்டிய திறம் அதில் உண்டு. பார்ப்பவனின் கைதட்டு அதற்கு உரியதே.

இங்கிலாந்தில் இக்கலை வேறு வழியில் சென்றது. 1966ஆம் ஆண்டு நவம்பரில் பி.பி.சி. ஒளிபரப்பிய ‘கேத்தி, வீட்டிற்கு வா’ என்னும் படத்தை ஏறத்தாழ 1 கோடியே 20 இலக்கம் மக்கள் பார்த்தனர். இயக்கியவர் கென் உலோச்சு. இளங்கணவனும் மனைவியும் குடியிருக்க வீடின்றி அலைந்து, இறுதியில் அத்தாயின் கையிலிருந்து குழந்தைகளை அரசு அலுவலரே பறித்துச் செல்வர். அதைக் கண்ட மக்கள் அன்றிரவு உறங்கவில்லை என்று சொன்னால் மிகையாகாது. அடுத்த திங்களே வீடற்றோர்க்கான ‘செல்ட்டர்’ அறநிறுவனம் தோன்றிற்று. அது முன்னரே திட்டமிடப்பெற்றதுதான். எனினும் படம் எழுப்பிய இரக்கம் அதற்குப் பெருந்துணையாயிற்று. அதே பி.பி.சி. தான், அணுகுண்டின் அழிவைக் காட்டி 1965இல் பீட்டர் வாட்கின்சு எடுத்த ‘போர் விளையாட்டு’ என்னும் படத்தை, மக்கள் தாங்கமாட்டார் என்று சொல்லி 1985 வரை பூட்டி வைத்தது. மக்கள் தாங்கமாட்டாரா, ஆள்வோர் தாங்கமாட்டாரா என்பது அன்றும் கேட்கப்பெற்ற வினா. அமெரிக்காவில் 1983ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் அதே பொருளில் ‘மறுநாள்’ என்னும் வீட்டுப்படம் வந்தபோது, ஏறத்தாழ 10 கோடிப் பேர் ஒரே இரவில் அதனைக் கண்டனர். அந்நாளைய குடியரசுத் தலைவர் இரேகன், அதனை முன்னதாகவே பார்த்துத் தாம் மிகவும் சோர்வுற்றதாகத் தம் நாட்குறிப்பில் எழுதினார். எந்த அரங்கும் ஓரிரவில் பத்துக்கோடிப் பேரைத் தன்னுள் அடக்க இயலாது.

இங்கேதான் எண்ணிப் பார்க்கவேண்டிய செய்தி ஒன்றுளது. அரங்கிற்கு மனிதன் புறப்பட்டுப் போகின்றான். ஊரார் நடுவே அமர்கின்றான். வேற்றுலகைக் காணவே போகின்றான். வீட்டுப்படமோ அவன் உண்ணும் இடத்திற்கு, பிள்ளை படிக்கும் இடத்திற்கு, கிழவி படுத்திருக்கும் கட்டிலுக்கு அருகில் வந்து பேசுகின்றது. வீட்டிற்குள் வந்து பேசுவது எதுவாயினும், எம்மொழியில் பேசுகின்றது என்பதே அதன் தலையாய செய்தி. வீட்டில் ஒருமொழி, வீட்டுத் திரையில் வேறுமொழி என்று ஒரு தலைமுறை வளர்ந்தால், அத்தலைமுறை தன் மொழியை அடுக்களைக்குரியதாகவும் திரையின் மொழியை உலகிற்குரியதாகவும் கருதத் தொடங்கும். இதனை நூல்வழி அறிந்தோர் பலர். பட்டறிந்து, எதிர்த்து நின்று, ஓரளவு வென்றும் காட்டியோர் சிலரே. அச்சிலருள் வேல்சு நாட்டவர் குறிக்கத்தக்கவர்.

வேல்சு என்பது ஆங்கிலேயர் இட்ட பெயர். பழைய ஆங்கிலத்தில் அதன் வேர்ச்சொல்லுக்கு ‘அயலார்’ என்பது பொருள். வந்தேறியவர், இருந்தவரை அயலார் என்றனர்! அம்மக்களோ தம்மைக் ‘கம்ரி’ என்று சொல்லிக்கொள்வர். ‘ஒரு நாட்டவர்’ என்பது அதன் பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில், தாய்மொழி பேசிய சிறுவனின் கழுத்தில் மரத்துண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டனர். அவன் வேறொரு சிறுவன் தாய்மொழி பேசுவதைக் காட்டிக் கொடுத்தால் அத்துண்டு அவன் கழுத்திற்கு மாறும். மாலையில் எவன் கழுத்தில் அது தொங்குகின்றதோ அவனுக்கு அடி. பிள்ளையைக் கொண்டே பிள்ளையின் மொழியை வேட்டையாடிய இக்கீழ்மைக்கு ஈடான வேறொன்றைக் காண்பதரிது. 1911இல் வேல்சு மக்களுள் நூற்றுக்கு 43 பேர்க்கு மேல் தாய்மொழி பேசினர். 1981இல் அவ்வெண்ணிக்கை நூற்றுக்கு 19 ஆகத் தேய்ந்தது. மரத்துண்டு செய்யாமல் விட்டதைப் பிற்பகுதியில் தொலைக்காட்சிப் பெட்டி செய்தது என்று அந்நாட்டு மொழிப்பற்றாளர் குமுறினர். தாய்மொழி நிகழ்ச்சிகள் இருந்தன. ஆயினும் அவை பிற அலைவரிசைகளின் இண்டு இடுக்குகளில், யாரும் பாராத நேரங்களில் செருகப்பெற்றிருந்தன.

தனி அலைவரிசை வேண்டும் என்னும் கிளர்ச்சி எழுந்தது. 1979 தேர்தலின்போது அதனைத் தருவதாக வாக்களித்த கன்சர்வேட்டிவ் கட்சி, ஆட்சியேறிய சில திங்களிலேயே மாட்டோம் என்றது. வாக்களிப்பதும் வழுவுவதும் எந்நாட்டு ஆள்வோர்க்கும் பொதுவான இலக்கணம் போலும்! மக்கள் தொலைக்காட்சி உரிமக் கட்டணத்தைக் கட்ட மறுத்தனர். பேராசிரியரும் சமயப் பெரியாரும் ஆகிய மூவர், பென்காரெக் என்னுமிடத்து ஒளிபரப்புக் கோபுரத்துள் நுழைந்து ஒளிபரப்பை நிறுத்திவிட்டு, தாமே காவலரிடம் பிடிபடக் காத்திருந்தனர். 1980 மே திங்களில் குவின்வர் எவன்சு என்னும் தலைவர், அக்டோபர் 6ஆம் நாள் முதல் சாகும்வரை உண்ணாநோன்பு இருக்கப்போவதாக அறிவித்தார். 1966இல் வேல்சு நாட்டுக் கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினராக வென்றவர் அவர். அப்போது எழுபதை நெருங்கிய அகவையினர். வறட்டு மிரட்டல் செய்யும் இயல்பினர் அல்லர் என்பதை அரசு அறியும். செப்டம்பர் 17ஆம் நாள் இலண்டன் பணிந்தது. இரும்புப் பெண்மணி எனப்பெற்ற தாட்சர் அம்மையார் தம் ஆட்சித் தொடக்கத்தில் வெளிப்படையாகப் பின்வாங்கிய செய்திகளுள் இஃது ஒன்று. தமிழ்நாடு என்னும் பெயருக்காக 1956இல் உண்ணாதிருந்தே உயிர்துறந்த சங்கரலிங்கனாரை நினைவார்க்கு, அங்கு நோன்பு தொடங்குமுன்பே வெற்றி வந்தமை மகிழ்வையும் ஏக்கத்தையும் ஒருங்கே தரும். 1982 நவம்பர் 1ஆம் நாள் ‘கம்ரியின் நான்காம் அலைவரிசை’ ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் சுருக்கப் பெயர் எசு-4-சி.

அலைவரிசை கிடைத்துவிட்டது, அதில் எதைக் காட்டுவது என்னும் வினா அப்போதுதான் பிறந்தது. பத்தாண்டு கழித்து, 1992இல், அதற்கென எடுக்கப்பெற்ற ஒரு படமே அவ்வினாவிற்குச் சிறந்த விடையாயிற்று. அதுதான் ‘ஏத் வின்’.

ஏத் வின் என்பது ஒரு பாவலனின் புனைபெயர். ‘தூய அமைதி’ என்னும் பொருளது. இயற்பெயர் எல்லிசு எவன்சு. 1887இல் பிறந்து, திரௌசுவனித் என்னும் சிற்றூரை அடுத்த அசுகூர்ன் பண்ணையில் ஆடு மேய்த்தவன். பள்ளிப்படிப்புக் குறைவு, பாப்புலமை மிகுதி. வேல்சு மக்கள் ஆண்டுதோறும் ‘ஐசுத்தெத்வொத்’ என்னும் பெருவிழா எடுத்துப் பாட்டரங்கு நடத்துவர். கட்டமைந்த பழைய யாப்பில் சிறந்த நெடும்பாட்டுப் பாடியவனுக்கு ஒரு நாற்காலி பரிசு. அந்த யாப்பில் ஓரடியின் முற்பகுதி மெய்யெழுத்துகளைப் பிற்பகுதி அதே முறையில் ஏற்று ஒலிக்க வேண்டும். மோனையும் எதுகையும் அறிந்த தமிழ்ப் புலவர்க்கு அதன் கடுமையும் இனிமையும் எளிதில் விளங்கும். ஊர் விழாக்களில் அவ்விளைஞன் சில நாற்காலிகள் வென்றிருந்தான். நாட்டுப் பெருவிழாவின் நாற்காலியே அவன் கனவு.

முதல் உலகப்போர் வந்தது. குடும்பத்தில் ஒருவன் படைக்குச் செல்ல வேண்டும் என்னும் நிலை நேர்ந்தபோது, தம்பியைக் காக்கத் தான் சென்றான். தன் கடைசி நெடும்பாட்டைப் படையிலிருந்தபடியே முடித்துப் போட்டிக்கு அனுப்பினான். 1917 சூலை 31, பாசெண்டேல் போரின் முதல் நாள். அன்றே பெல்சிய மண்ணில் குண்டடிபட்டு இறந்தான். செப்டம்பர் 6ஆம் நாள் பர்க்கன்எட் நகரில் பெருவிழா. வென்ற பாட்டின் புனைபெயர் மும்முறை அழைக்கப்பெற்றது, எவரும் எழவில்லை. பின்னரே அவன் இறந்த செய்தி அறிவிக்கப்பெற்று, நாற்காலியின்மீது கருந்துணி போர்த்தப்பெற்றது. அன்றுமுதல் அதற்குக் கருநாற்காலி என்பதே பெயர். அந்நாற்காலியைச் செதுக்கியவர், போருக்கு அஞ்சிப் பெல்சியத்திலிருந்து வந்து குடியேறிய ஏதிலி ஒருவர். மேடையருகே அமர்ந்திருந்தவரோ தலைமையமைச்சர் இலாயிடு சார்சு. வேல்சு மொழியைத் தாய்மொழியாகக் கொண்டவர் அவர். அப்போரை நடத்தியவரும் அவரே. ஊழ் வகுத்த காட்சி என்பது இதுதான். எந்தத் திரைக்கதையாசிரியனும் இதனைப் புனைந்திருந்தால், மிகை என்று கடிந்து அடித்திருப்பர்.

திரைக்கதை எழுதிய ஆலன் இலுயிடு தாமும் நாற்காலி வென்ற பாவலர். இயக்கியவர் பால் தர்னர். பாவலனாக நடித்தவர் இயூ கார்மன். படத்தின் பெருஞ்சிறப்பு, அது பாவலனைப் படிமமாக்கி வழிபடாமையே. அவன் குடிக்கின்றான், பெண்கள்பின் சுற்றுகின்றான், போருக்குப் போக மனமின்றி நாள் கடத்துகின்றான். மொழிப்பற்றால் எடுக்கப்பெறும் படங்கள் பெரும்பாலும் வீழும் குழி எது என்றால், தலைவனைக் குற்றமற்ற தெய்வமாக்கிப் பார்ப்பவனைக் கொட்டாவி விடச் செய்வதே. தமிழ்ப் புலவர்களைப் பற்றி வந்த படங்களை நினைவு கூர்ந்தால் இவ்வுண்மை உறைக்கும். ‘ஏத் வின்’ அக்குழியில் வீழவில்லை. இன்னொன்று, மொழிப்பூசலைப் பற்றி அது மேடைப்பேச்சு நிகழ்த்தவில்லை. ஊரில் வேல்சு மொழி. படையில் கட்டளையிடுவது ஆங்கிலம். இரண்டும் அருகருகே ஒலிக்கின்றன, அவ்வளவே. பண்ணையில் பாவலனாக மதிக்கப்பெற்றவன் படைக்கொட்டிலில் பெயரற்ற ஓர் எண்ணாகிவிடுவதைப் பார்ப்பவன் தானே உணர்கின்றான்.

குறைகளும் உள. போர்க்களம் சிறிது, அதனை மறைக்கப் புகை மிகுதி. சிறுதொகையில் எடுத்த படம் என்பது அங்கே வெளிப்படுகின்றது. இடைப்பகுதியில் காதல் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து, எந்தப் பெண் எவள் என்று பார்ப்பவன் மயங்குகின்றான். ஓரிருவரோடு நிறுத்தியிருக்கலாம். ஆயினும் இக்குறைகள் எல்லாம் அந்த வெற்று நாற்காலியின்முன் நிற்கவில்லை. வீட்டுத் திரைக்கென எடுத்த அப்படம், அயல்மொழிப் படங்களுக்கான ஆசுக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. வேல்சு மொழிப் படம் ஒன்று அங்கு ஏறியது அதுவே முதன்முறை. 1994இல் நிகழ்ந்த விழாவில் பரிசு இசுப்பானியப் படத்திற்குச் சென்றது. பரிசு வராமை பெரிதன்று. ஏறத்தாழ ஐந்நூறாயிரம் பேர் மட்டுமே பேசும் மொழி, உலகின் அவையில் தன் பெயரால் அழைக்கப்பெற்றது.

அதற்கு முன்னரே, 1986இல், அதே அலைவரிசைக்காக எடுத்த ‘உரோசின் அ உரித்’ என்னும் நகைச்சுவைப் படமும் குறிக்கத்தக்கது. ‘உரோசாவும் மாயமும்’ எனலாம். நிலக்கரித் தொழிலாளரின் நெடுவேலைநிறுத்தம் தோற்றபின், நலிந்த சிற்றூர் ஒன்றில் திரையரங்கு மூடப்படுகின்றது. படம் காட்டியவரும் பனிக்கூழ் விற்ற பெண்ணும், அரங்கின் இருட்டு வீணாகாமல் அங்கே காளான் வளர்க்கத் தொடங்குகின்றனர்! அரங்கு செத்த கதையை வீட்டுத்திரைக்காக எடுத்து, அதனை மீண்டும் இலண்டன் அரங்கிலேயே ஆங்கிலத் துணையெழுத்தோடு ஓட்டினர். வறுமையை அழுகையாக்காமல் சிரிப்பாக்கியமை அதன் வலிமை. இத்தகைய சிறு கதைக்கு வீட்டுத்திரையே தக்க அளவு.

பின்னாளில் அவ்வலைவரிசை சென்ற வழியைப் பற்றியும் பார்ப்பவன் வெளிப்படப் பேசித்தான் ஆகவேண்டும். 2013இல் வந்த ‘அ குவில்’ என்னும் துப்பறியும் படத்தொடரை, ஒவ்வொரு காட்சியையும் இருமுறை எடுத்தனர். ஒருமுறை வேல்சு மொழியில், மறுமுறை ஆங்கிலத்தில். செலவைப் பங்கிடவும் வெளியில் விற்கவும் இதுவே வழி என்றனர். மலையும் மழையும் மூடுபனியும் அழகாகவே இருந்தன, நடிப்பும் நன்று. ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பவனுக்கு ஒரு நெருடல் தோன்றும். உழவன் ஒருவன் தன் மொழியில் பேசும்போது சொல் வயிற்றிலிருந்து வருகின்றது. அவனே அதே தொழுவத்தில் ஆங்கிலம் பேசும்போது சொல் பல்லிலிருந்து வருகின்றது. டென்மார்க்கு நாட்டுத் துப்பறியும் தொடர் 2011இல் துணையெழுத்தோடு பி.பி.சி.யில் காட்டப்பெற்றபோது, ஆங்கிலேயர் படித்துப் படித்துப் பார்க்கத்தானே செய்தனர்? தேனியர் மொழியைத் துணையெழுத்தோடு ஏற்பவர், அண்டை வீட்டார் மொழியை மட்டும் ஆங்கிலமாக்கித் தரச் சொல்வது ஏன்? பொருள்முட்டு உண்மைதான்; அதனை மறுப்பதற்கில்லை. என்றாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் ஆங்கில இணை தயாராக இருக்கவேண்டும் என்னும் நெருக்கடியில், மொழிபெயர்க்க இயலாத சொல்லே முதலில் வெட்டுண்ணும். ஒரு மொழியின் உயிர் அத்தகைய சொற்களில்தான் இருக்கின்றது.

இவ்வளவுக்கும் பின்னர் வேல்சு மொழி பிழைத்ததா? 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அம்மொழி பேசுவோர் நூற்றுக்கு 17.8 பேர். வீழ்ச்சியின் விரைவு முன்னைப்போல் இல்லை, ஏற்றமும் இல்லை. தொலைக்காட்சி ஒன்றே ஒரு மொழியைக் காத்துவிடும் என்று நம்பினோர்க்கு இது கசப்பான விடை. பள்ளி, அலுவலகம், பிழைப்பு ஆகியவை ஆங்கிலத்தின் கையில் இருக்க, இரவில் ஒன்றரை மணிநேரப் படம் எவ்வளவுதான் செய்யும்? ஆயினும் அவ்வலைவரிசை இல்லாதிருந்தால் எண்ணிக்கை எங்குப் போய் நின்றிருக்கும் என்பதையும் எண்ணவேண்டும்.

இனி, ஏறத்தாழ எட்டுக்கோடி மக்கள் பேசும் தமிழின் வீட்டுத்திரைக்கு வருவோர், வேல்சு மக்களின் முன் தலைகுனியாமல் நிற்கமுடியுமா? சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகத்து 15. ஏழாண்டு கழித்து அதே நாளில் நாடு முழுமைக்குமான நிகழ்ச்சி தில்லியிலிருந்து தொடங்கியது. அதன்பின் இரவின் நல்ல நேரம் இந்திக்கு என்றாயிற்று. தொலைக்காட்சிக்கென நடுவணரசு எடுப்பித்த படங்களில் உயர்ந்தன இல்லாமலில்லை. வங்கத்துப் பெருங்கலைஞர் சத்தியசித்து இராய் 1981இல் எடுத்த ‘சத்கதி’, ஒடுக்கப்பட்டவன் ஒருவன் பார்ப்பனன் வீட்டு வாயிலில் விறகு பிளந்து பிளந்தே சாகும் கொடுமையை ஒருமணி நேரத்திற்குள் காட்டியது. அதினும் கூரிய படம் இவ்வகையில் அரிது. கோவிந்து நிகலானி 1988இல் எடுத்த ‘தமசு’ நாட்டுப்பிரிவினையின் குருதியைக் காட்டியது; அதனைத் தடுக்க எழுந்த வழக்கு உச்ச முறைமன்றம் வரை சென்று தோற்றது. ஆனால் வங்கமொழியில் உலகை வென்ற இராய், தொலைக்காட்சி என்றவுடன் இந்தியில் எடுக்கவேண்டி வந்ததே, அதனைக் கவனித்தவர் எத்தனை பேர்? கலைஞரைக் குறை சொல்வதற்கில்லை. பொருள் தருவோன் மொழியைத் தீர்மானித்தான்.

தமிழுக்கு அத்தகைய வாய்ப்புக் கிடைத்தபோது என்ன நிகழ்ந்தது என்பதற்கு 1989இல் வந்த ‘சந்தியா ராகம்’ சான்று. பெயர் வடமொழி, உள்ளம் தமிழ். தொலைக்காட்சி நிறுவனத்திற்காகப் பாலு மகேந்திரா எடுத்த அப்படத்தில், மனைவியை இழந்த கிழவர் ஒருவர் ஊரை விட்டுச் சென்னையில் உறவினன் வீட்டிற்கு வருகின்றார். வீடு சிறிது, வருவாய் சிறிது, அன்பு மட்டும் ஓரளவு உண்டு. ஒருவர் கூடுதலாக உண்பது அவ்வீட்டிற்கு எவ்வளவு சுமை என்பதை யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே படம் சொல்லிவிடுகின்றது. சொக்கலிங்க பாகவதர் நடித்தார் என்பதினும் அங்கே இருந்தார் என்பதே பொருந்தும். அப்படத்திற்கு நாட்டளவிலான பரிசும் கிடைத்தது. பாட்டில்லை, அடிதடியில்லை, பகட்டில்லை. தமிழில் வீட்டுப்படம் இயலாது என்போர்க்கு அஃதொன்றே விடை. ஆனால் அது தொடக்கமாக அமையாமல் தனிமரமாகவே நின்றுவிட்டது. பின்னர் அவரே தனியார் அலைவரிசை ஒன்றில் தமிழ்ச் சிறுகதைகளைக் குறும்படங்களாக எடுத்தளித்தார். அதனோடு அவ்வழியும் ஏறத்தாழத் தூர்ந்தது. அவ்விடத்தை நெடுந்தொடர்கள் பற்றிக்கொண்டன. மாமியாரும் மருமகளும் ஐந்நூறு நாள் முறைத்துக்கொண்டிருப்பதற்குக் கதை வேண்டுவதில்லை.

கொள்ளைநோயால் அரங்குகள் மூடப்பெற்றபோது, 2020ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து சில தமிழ்ப்படங்கள் நேரே தொலைக்காட்சியில் வந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘நாங்க ரொம்ப பிசி’. பெயரிலேயே மொழி நொண்டுகின்றது. உள்ளே சொல்வதற்குச் சிறப்பாக ஒன்றுமில்லை. ஆயினும் 2021 ஏப்பிரலில் வந்த ‘மண்டேலா’ வேறு தரத்தது. இரு சாதியாரின் வாக்குகளும் சரிக்குச் சரியாக நிற்கும் சிற்றூரில், பெயர்கூட இல்லாத முடிதிருத்துவோன் ஒருவனின் ஒற்றை வாக்கு ஊரையே ஆட்டிவைக்கின்றது. மடோன் அசுவின் என்னும் புதிய இயக்குநர் எடுத்த அப்படம், முதற்படத்திற்கும் உரையாடலுக்கும் நாட்டளவிலான பரிசுகளைப் பெற்றது. அதன் உரையாடல் மண்ணின் மொழி. இறுதிப் பகுதி சற்று இனிப்பாக முடிகின்றது என்று குறை சொல்வோர் சொல்லலாம். அக்குறையைப் பொறுத்துக்கொள்ளத் தகும். ஆனால் இப்படங்கள் அரங்கடைப்பால் வீட்டிற்கு வந்தவை. அரங்கு திறந்ததும் அவ்வருகை குறைந்துவிட்டது.

செய்யவேண்டுவது வானத்தை வில்லாக வளைப்பதன்று. தமிழ்மக்கள் வரிப்பணத்தாலும் நடக்கும் அரசுத் தொலைக்காட்சி, திங்களுக்கு ஒரு தமிழ்ப்படமேனும் எடுப்பித்தல் வேண்டும். அந்நிலையத்திற்குப் ‘பொதிகை’ என்னும் நல்ல தமிழ்ப் பெயர் இருந்தது. 2024 சனவரியில் அதனையும் நீக்கி ‘டிடி தமிழ்’ என்றாக்கினர். தமிழ்மலையின் பெயரை நீக்கிவிட்டுத் தமிழ் என்று எழுதிவைத்த விந்தையை எங்ஙனம் விளக்குவது? பெயரை மீட்டலும், படங்களைத் தொடங்கலும் ஒருங்கே கேட்கப்பெற வேண்டும். தனியார் அலைவரிசைகளுக்கும் உரிமம் தரும்போதே தாய்மொழிப் படக் கடமை ஒன்றை விதித்தல் முறையாகும்.

கதைக்குப் பஞ்சம் என்று யாரும் சாக்குச் சொல்ல இடமில்லை. நாட்டுடைமையாக்கப்பெற்ற தமிழ் எழுத்தாளர் பலர். அவர்தம் படைப்புகளுக்கு உரிமைத்தொகை தரவேண்டுவதில்லை. புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ ஒன்றே போதும். சென்னையில் ஒரு சிறு வாடகைவீடு. துணிக்கடையில் ஊழியம் செய்து நலிந்த கணவன். நோயில் கிடந்து தேயும் மனைவி. ஊருக்குப் போகவேண்டும் என்னும் நிறைவேறாத ஆசை. இரண்டு முகம், நான்கு சுவர். வீட்டுத்திரையின் குறை என்று முதலில் சொல்லப்பெற்றவை அனைத்தும் அக்கதைக்கு வேண்டிய அளவிலேயே அமைந்துள்ளன. நல்ல நடிகர் இருவரும், தமிழ் தெரிந்த இயக்குநர் ஒருவரும், இரண்டு கிழமைக்கான செலவும் கிடைத்தால் அடுத்த பொங்கலுக்குள் அதனை எடுத்து முடிக்கலாம்.